வருங்காலக் கடலை வரையச் சொன்னால் மணலை வரைகிறார்கள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்து மீனவர் குப்பங்களுக்குக் காடாத் துணியும் வண்ணப் பொடிகளும் எடுத்துச் சென்று, அங்குள்ளவர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய கடலின் வருங்காலத்தை வரைகிற வேலையை நானும் நண்பர்கள் சிலரும் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறோம். நான் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படித்தவன். உடன் வருவோரில் படகுகளுக்குப் பெயர் எழுதும் பெயின்டர் ஒருவரும், பள்ளி ஆசிரியை ஒருவரும், கல்லூரி மாணவர்கள் சிலரும் உண்டு. கடல் என்றதும் நீலம்தான் நிறையச் செலவாகும் என்று புதிதாக வருகிற மாணவர்கள் எண்ணிக்கொள்வார்கள். ஆனால் எந்த ஊரிலும் முதலில் தீர்ந்துபோவது மஞ்சள் காவிதான். தண்ணீருக்கு முன்பாக எல்லோரும் மணலை வரைகிறார்கள். கடலுக்கு என்ன ஆகும் என்று நாம் கேட்கும்போது, கடலின் பக்கத்தில் தமக்கு நிற்க இடம் இருக்குமா என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள் என்பதை நான் இந்த வேலையில் கற்றேன். இதே வேலையை வேறு கரைகளில் செய்ய விரும்புவோருக்குப் பயன்படக்கூடும் என்பதால் எங்கள் அனுபவத்தை எழுதிவைக்கிறேன்.

வைத்திக்குப்பத்தில் ஒரு பெரியவரிடம் கரித்துண்டைக் கொடுத்தபோது அவர் சொன்னது இது: "கடல வரையச் சொன்னா எப்படி தம்பி? அது அங்கதான இருக்கு, போய்ப் பாத்துக்க. மணல்தான் காணாமப் போச்சு. அத வேணும்னா வரையறேன்." அவர் துணியின் குறுக்கே முழங்கையை ஊன்றிக்கொண்டு அகலமான ஒரு கரையை வரைந்தார். கரைவலையின் இரண்டு கயிறுகளையும் பிடித்து இழுக்கிற ஆட்கள், வலை கரையேறுவதற்காகக் கூடையோடு காத்திருக்கும் பெண்கள், நெத்திலி காயவைக்கும் இடம், கட்டுமரங்கள் கிடக்கும் இடம், மாசி மகத்துக்கு மயிலம் முருகன் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் அந்த மணலில் இடம் ஒதுக்கினார். கரை எவ்வளவு அகலம் இருந்தது என்று கேட்டேன். அடிக்கணக்கில் அவர் சொல்லவில்லை. கட்டுமரத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது தண்ணீரை அடைவதற்குள் நான்கு தடவை கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தூக்குவோம் என்று சொல்லி, துணியில் நான்கு சிறு கோடுகளைப் போட்டார். இன்று அந்த நான்கு கோடுகளும் இருக்க வேண்டிய இடத்தில் கருங்கல் கிடக்கிறது.

அந்த மணல் போன கதையைப் புதுச்சேரிக்காரர்கள் பலரும் அறிவார்கள் என்றாலும், வரைகிற இடத்தில் அதை ஒருமுறை விளக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. நம் சோழமண்டலக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. ஏறத்தாழ பங்குனி தொடங்கி ஐப்பசி வரை தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாடைக் காற்றோடு அது தெற்கே திரும்புகிறது. வடக்கே போகிற அளவு மிக அதிகம் என்பதால், ஆண்டுக்கணக்கில் பார்த்தால் பல இலட்சம் கன மீட்டர் மணல் கரையோரமாகவே வடதிசையில் பயணம் செய்கிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்கள் நீட்டப்பட்டபோது அந்தப் பயணம் தடைபட்டது. சுவருக்குத் தெற்கே மணல் தேங்கியது. வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்தது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்து, எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போயிற்று. ஓரிடத்தில் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல்வரிசை) போட்டால் அதற்கு அடுத்த வடக்கத்தி ஊர் இழக்கிறது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் 2018-இல் அமைத்த எஃகுத் திட்டினால் கடற்கரைச் சாலையின் ஒரு பகுதிக்கு மணல் திரும்பியிருக்கிறது. கரையை மீட்க முடியும் என்பதற்குக் கண்முன் உள்ள சான்று என்பதால் அதை நான் எல்லா ஊர்களிலும் சொல்கிறேன். ஆனால் வைத்திக்குப்பத்துப் பெரியவரின் நான்கு கோடுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

வருங்காலத்தை வரைவதற்கு முன்பு இருந்ததை வரையவேண்டும் என்பதை இந்த ஊர்கள்தான் எங்களுக்குக் காட்டின. குருசுக்குப்பத்தில் இளைஞர்களுக்கு ஒரு துணியும் முதியவர்களுக்கு ஒரு துணியும் தனித்தனியாக விரித்தோம். இளைஞர்களின் துணியில் ஒரு கைப்பிடி மணல்கூட இல்லை. பாறைக் கற்களையும், கற்களுக்கு நடுவே ஓடும் நண்டுகளையும், கல்லின் மேல் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கும் பையன்களையும் மிகத் துல்லியமாக வரைந்திருந்தார்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து கண்ட கடற்கரை அதுதான் என்பதால், வரப்போகிற கடற்கரைக்கும் அவர்கள் இன்னும் உயரமான கற்களையே வரைந்தார்கள். பிறகு இரண்டு துணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டபோது, பத்தாம் வகுப்பு முடித்திருந்த ஒரு பெண் முதியவர்களின் துணிக்கு முன்னால் வெகுநேரம் நின்று, "இவ்ளோ எடம் இருந்துச்சா ஆயா? அப்போ நீங்க எங்க விளையாடுவீங்க?" என்று தன் பாட்டியிடம் கேட்டாள். பாட்டி இடத்தைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பெண் மறுநாள் வந்து வருங்காலத் துணியில் கற்களுக்கு முன்னால் மணலைச் சேர்த்தாள். மணல் எப்படி அங்கே திரும்பி வரும் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் அவர்களுக்குள் எழுந்தது. இல்லாமல் போனது ஒன்று உண்டு என்று அறியாதவர் அதைக் கேட்டு வாங்க முடியாது. ஆகவே முதியவர்களின் துணியை முதலில் முடித்துவிட்டு, அதைப் பார்த்த பிறகு இளையவர்களை வரையச் சொல்வதே இப்போது எங்கள் முறை.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். "2050-இல் கடல் எப்படி இருக்கும்" என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் பறக்கும் படகையும் கண்ணாடிக் கோபுரத்தையும் வரைகிறார்கள். பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். "உன் மகளுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது இந்த ஊரில் படகை எங்கே ஏற்றி வைப்பீர்கள்?" என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கணக்கை விட வாழ்க்கைக் கணக்கு அவர்களுக்குக் கைவசமானது. ஆழத்தைப் பாகத்தில் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்) சொல்பவர்களிடமும், நீரோட்டம் தெற்கிலிருந்து வந்தால் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வந்தால் வன்னி என்றும் பிரித்தறிபவர்களிடமும், நம்முடைய வரைபட மொழியைத் திணிக்கவும் கூடாது. துணியில் திசையைக் குறிக்க நாங்கள் அம்புக்குறி போடுவதில்லை. காற்றின் பெயரையும் நீரோட்டத்தின் பெயரையும் எழுதுகிறோம்.

எப்போது போவது என்பதைக் கடல் நாள்காட்டிதான் முடிவு செய்யவேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆண்கள் வலை பின்னிக்கொண்டும் இயந்திரம் பழுதுபார்த்துக்கொண்டும் நிழலில் இருப்பார்கள். கை வேலையில் இருக்க, வாய் கதை சொல்லத் தயாராக இருக்கும் காலம் அது. ஆனால் வருமானம் குறைந்த காலமும் அதுவே என்பதால், ஒரு முழுப் பகலைக் கேட்கும்போது அதற்குரிய கூலியைக் கொடுக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கலைஞருக்குச் சன்மானம் உண்டு, கதை சொல்லும் மீனவருக்குத் தேநீர் மட்டும் என்பது சரியல்ல. அனுமதியைப் பொறுத்தவரை, ஊர்ப் பஞ்சாயத்தாரை அவர்கள் கூடும் நேரத்தில், பெரும்பாலும் மாலையில் கோயில் முன்பாக, நேரில் பார்த்துச் சொல்லவேண்டும். எதற்காக வரைகிறோம், வரைந்தது யாருக்குச் சொந்தம், படம் எடுத்தால் எங்கே போடுவோம் என்ற மூன்றையும் அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிடவேண்டும்.

பெண்களின் நேரம் வேறு. விடியற்காலையில் ஏலத்துக்குப் போய், மீன் வாங்கி, பெரிய மார்க்கெட்டிலோ கடலூர் முதுநகரிலோ தெருத்தெருவாகவோ விற்றுவிட்டு வீடு திரும்பும்போது பிற்பகல் ஆகிவிடும். மூன்று மணிக்குப் பிறகு போனால்தான் அவர்களைப் பார்க்கலாம். வீராம்பட்டினத்தில் ஓர் ஆயா, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் படகும் மீனும் வரைந்துகொண்டிருக்க, தண்ணீரே இல்லாத ஒரு படத்தை வரைந்தார். கூரை போட்ட ஒரு மீன் விற்பனைத் திண்ணை, அதன் ஓரத்தில் ஒரு குழாய், ஐஸ் பெட்டி, பெண்களுக்கான கழிப்பறை, மீன் கூடையோடு ஏறவிடுகிற ஒரு பேருந்து. பேருந்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சதுரம் சதுரமாகப் போட்டு, கடைசி ஜன்னலுக்குள் ஒரு கூடையையும் வைத்தார். மாணவர் ஒருவர், "இதுல கடல் எங்க ஆயா?" என்று கேட்டார். "கடல்ல போறவங்களுக்குக் கடல் தெரியும் சாமி. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கரைக்கு வந்த மீனு. அத நான் கெட்டுப்போகாம வித்தாதான் நாளைக்கி அவன் கடலுக்குப் போவான்" என்றார். கடலின் வருங்காலத்தைப் பற்றி நான் படித்த எத்தனையோ பக்கங்களில் அந்தக் குழாயும் ஐஸ் பெட்டியும் இல்லை. ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து வரைந்த துணி எதையும் முடிந்த துணியாக நாங்கள் கணக்கில் கொள்வதில்லை.

பிள்ளைகளோடு வேலை செய்யும்போது துணியை விடக் கரையே நல்ல கருவி. சித்திரை, வைகாசியில் காலை நேரத்தில், அலை வந்து திரும்பும் ஈரமணலில் கடலை நோக்கிக் குறுக்காக ஒரு வரிசைக் கற்களை நட்டுவைக்கச் சொல்வோம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் இதைச் செய்தபோது பிள்ளைகள் முதலில் கோட்டை கட்டுவதாகத்தான் நினைத்தார்கள். அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து வரிசையில் மோத, சிறிது நேரத்தில் கற்களின் தென்புறம் மணல் ஏறி மேடாயிற்று. வடபுறம் குழி விழுந்து, அங்கே சங்கு அடுக்கி வைத்திருந்த ஒரு சிறுமியின் 'வீடு' சரிந்தது. அவள் அழுதுகொண்டே தன் பக்கத்தில் இன்னும் இரண்டு கற்களை நட்டாள். உடனே அவளுக்கு வடக்கே இருந்த பையன் சண்டைக்கு வந்தான். புதுச்சேரியிலிருந்து பொம்மையார்பாளையம் வரை பல ஆண்டுகள் நடந்ததை அவர்கள் ஒரு காலைப்பொழுதில் தங்கள் கைகளால் செய்து பார்த்துவிட்டார்கள். பிறகு உட்கார்ந்து வரைந்த படங்களில் மணல் ஓர் ஆறாகக் கரையோரம் ஓடியது. இந்தச் செயல்முறைக்கு அலை தணிந்த நாளைத் தேர்ந்தெடுப்பதும், நீந்தத் தெரிந்த ஊர்க்காரர் இருவரைத் தண்ணீர்ப் பக்கம் நிறுத்துவதும் அவசியம்.

புள்ளிவிவரங்களையும் அப்படித்தான் உடலளவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. காலநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கு இடையிலான குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள், உமிழ்வு எந்த அளவில் இருக்கும் என்பதைப் பொறுத்து, அது ஏறத்தாழ 28 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை உயரக்கூடும். இதை வாசித்துக் காட்டினால் யாரும் அசைவதில்லை. ஒரு மூங்கிலில் சாணளவில் கோடு போட்டு ஈரமணலில் நட்டு, சரிவான கரையில் நீர் ஒரு சாண் ஏறினால் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று காலடி வைத்து நடந்து காட்டினால், தம் வீட்டுத் திண்ணை எந்தக் காலடியில் வருகிறது என்று அவர்களே எண்ணிப் பார்க்கிறார்கள். மீனைப் பற்றிய பேச்சும் அப்போது தானாக வரும். முன்பு மலையாளக் கரை மீன் என்று கருதப்பட்ட மத்தி இந்தப் பக்கம் நிறையக் கிடைக்கத் தொடங்கியதைத் தம் வயதோடு சேர்த்துச் சொல்லக்கூடியவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். கடல் சூடேறுவதோடு அதைத் தொடர்புபடுத்தி ஆய்வாளர்கள் பேசுவதைச் சொன்னால் ஆர்வத்தோடு கேட்கிறார்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது 2004 டிசம்பர் 26-ஆம் தேதியைத் தொடும் இடம். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்த நாள் அது. ஆழிப்பேரலையை வரையுங்கள் என்று நாங்கள் யாரிடமும் கேட்பதில்லை. ஆனால் கேட்காமலே அது துணிக்கு வந்துவிடும். ஒரு குப்பத்தில் ஓர் அக்கா தன் பழைய தெருவின் வீடுகளை வரிசையாக வரைந்து, ஒவ்வொரு கதவுக்கும் அன்றிருந்த நிறத்தையே கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு வந்தார். தன் வீட்டுக் கதவுக்கு வந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். அன்றைய வேலையை அத்துடன் நிறுத்தினோம், படம் எடுக்கவில்லை. மறுநாளும் அவரை வரச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆசிரியை மட்டும் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். இத்தகைய ஊர்களுக்குப் போகும் குழுவில் வயதில் மூத்த, ஆறுதலாகப் பேசத் தெரிந்த பெண் ஒருவர் இல்லாமல் போகக்கூடாது.

அதே நாள் நல்லவாட்டில் வேறு விதமாக நினைவுகூரப்படுகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி ஊர்களில் அமைத்த அறிவு மையங்களில் ஒன்று அங்கே இருந்தது. அலையின் உயரத்தையும் வானிலையையும் ஒலிபெருக்கி வழியாகச் சொல்வது அதன் அன்றாட வேலை. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து தொலைபேசியில் எச்சரிக்க, அந்த ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரில் இருந்த சுமார் 3,600 பேரும் வெளியேறித் தப்பினார்கள். அங்கே வரைந்த துணியில் கோயில் கோபுரத்தை விட, படகுகளை விட, ஒலிபெருக்கிக் குழாயே பெரிதாக நிற்கிறது. வருங்காலப் பகுதியிலும் அதை வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதற்குச் சூரிய ஒளித் தகடு பொருத்தி, கீழே ஒரு பெண் நின்று அறிவிப்பதாகப் போட்டிருக்கிறார்கள். தானே புயல் (30 டிசம்பர் 2011), பெஞ்சல் புயல் (30 நவம்பர் 2024) இரண்டிலும் மின்சாரம் போய்க் கைப்பேசிகள் செயலிழந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். பெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சூரியத் தகடு பிள்ளைகளின் கற்பனை என்று யாரும் தள்ளிவிட முடியாது. அது ஒரு செலவுக் கணக்குப் போடத்தக்க கோரிக்கை.

அழிவை மட்டும் பேசினால் வரைகிற கை தளர்ந்துவிடும் என்பதையும் கண்டிருக்கிறேன். கடலூர்த் துறைமுகப் பக்கத்துப் பிள்ளைகள் உப்பனாற்றைக் கருப்பாகவே தீட்டினார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் கடலூரை மிகக் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது என்பதை அறிந்த எனக்கு அந்தக் கருப்பை மறுக்க மனம் வரவில்லை. ஆனால் அதற்கு மேல் அவர்கள் எதையும் வரைய மறுத்தார்கள். அவர்களைப் பிச்சாவரத்துக்கு அழைத்துப்போனோம். அங்கே பல்லாண்டுகள் பட்டை பட்டையாகச் சுரபுன்னைக் காட்டை வெட்டியதில், வெட்டிய இடத்து மண் வெயிலில் காய்ந்து சுருங்கித் தாழ்ந்து பள்ளமாயிற்று. கடல் ஏற்றத்தில் வந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு ஏறி எந்த விதையும் முளைக்காமல் போயிற்று. 1990களில் வனத்துறையும் சுவாமிநாதன் நிறுவனமும் அங்குள்ள ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள்ளைப் போல நடுவில் ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஏற்றவற்ற நீர் புகுந்து வெளியேற வழி செய்தார்கள். கரையோரம் நட்ட கன்றுகள் காடாயின. ஆழிப்பேரலையின்போது கடலூர் மாவட்டக் கரையில் மரங்கள் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைவாகச் சேதமடைந்தன என்று 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு கூறியது. படகோட்டி ஒருவர் துடுப்பால் அந்த வாய்க்கால்களைக் காட்டி, தானும் அந்த வெட்டு வேலையில் கூலிக்கு இருந்ததைச் சொன்னபோது பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மண்வெட்டி பிடித்த ஒரு மனிதரை நேரில் பார்த்த பிறகு, உப்பனாற்றுத் துணியில் கருப்பின் ஓரமாகப் பச்சை வந்தது. ஆற்றின் ஓரம் மண்வெட்டியோடு ஆட்களும் வந்தார்கள்.

சுவரில் வரைய விரும்புவோருக்குப் பொருள் குறித்துச் சில சொல்லவேண்டும். கடலைப் பார்த்த சுவரில் எமல்ஷன் பூசினால், பூச்சுக்கு உள்ளே உப்புப் பூத்து, அடுத்த மழைக்காலத்துக்குள் செதில் செதிலாக உரிந்துவிடும். சுவரைத் தேங்காய் நார்த் தூரிகையால் தேய்த்து நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, கோடையில் நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்து, ஈரம் இருக்கும்போதே காவிப் பொடிகளைச் சுண்ணாம்பு நீரில் கரைத்து வரைவது மேல். நிறம் மங்குமே தவிர உரியாது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஒன்றும் வரையாமல் விடவேண்டும், ஏனென்றால் ஈரம் கீழிருந்து ஏறும். துணிக்குப் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணக்கட்டிப் பொடியும் கலந்து இருமுறை பூசிக் காயவைத்தால் போதும். சுருட்டி வைக்கும்போது வேப்பிலை வைத்தால் பூச்சி அண்டாது. திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைக் கலைஞர்களின் முறையில் மீன்கள் செய்தபோது பிள்ளைகளுக்கு இருந்த மகிழ்ச்சி பெரிது. ஆனால் கடல்காற்றின் ஈரத்தில் அவை ஊறிவிடும் என்பதால் உள்ளரங்குக்கு மட்டும் அவை ஏற்றவை.

வரைகிற இடத்தில் சண்டை வரும். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலை வேண்டும் என்போரும் கூடாது என்போரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். கல் கொட்ட வேண்டும் என்போரும் தூண்டில் வளைவே தீர்வு என்போரும் மணலை மட்டும் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்போரும் ஒரே துணியின் மேல் குனிந்திருக்கிறார்கள். நாங்கள் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தம்முடைய கரையைத் தாமே வரையட்டும், அடுத்தவர் வரைந்ததை அழிக்கக்கூடாது என்ற ஒரே விதியை வைத்திருக்கிறோம். எல்லையின் இருபுறத்து ஊர்களையும் ஒரே துணியில் வரையவைத்தபோது, தெற்கே இருந்தவர் தம் ஊருக்கு ஒரு தூண்டில் வளைவு போட்டார். வடக்கே இருந்தவர் எழுந்து வந்து அதன் நுனியிலிருந்து தம் வீடு வரை விரலால் இழுத்துக் காட்டினார். இருவரும் உறவுக்காரர்கள். பேச்சு சூடாகி, பிறகு தணிந்து, கடைசியில் மணல் தேங்கும் தென்புறத்திலிருந்து அதை அள்ளி வடபுறத்தில் கொட்டும் ஒரு குழாயை இருவரும் சேர்ந்து வரைந்தார்கள். முகத்துவாரத்தில் தேங்கும் மணலை அப்படி வடக்கே கடத்துவது பொறியாளர்கள் ஏற்கெனவே சொல்லிவரும் வழிதான் என்று பிறகு அவர்களிடம் சொன்னேன்.

முடிந்த துணி ஊருக்குச் சொந்தம். மூலத்தைப் பஞ்சாயத்திடம் கொடுத்துவிட்டு, ஒளிப்படப் படியை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்கிறோம். கண்காட்சிக்கு வேண்டுமென்றால் கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்கிறோம். கடற்கரையில் எங்கே என்ன கட்டலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் 2011, 2019 ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளின்படி தயாரிக்கப்படும் வரைபடங்கள் மீனவர் பயன்படுத்தும் இடங்களையும் காட்ட வேண்டும். படகு ஏற்றும் இடம், வலை பின்னும் நிழல், கருவாடு காயும் மணல் எல்லாம் துணியில் இருக்கின்றன. அவற்றை அதிகாரிகள் ஏற்கும் வடிவத்துக்குக் கொண்டுவர, ஊர் இளைஞர்கள் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வசதியோடு ஒவ்வோர் இடத்திலும் போய் நின்று புள்ளி குறிக்கிறார்கள். பெரியவர் ஒருவர் கூடவே நடந்து, எது எதன் இடம் என்று சொல்ல வேண்டும். துணி, புள்ளிப் பட்டியல், பஞ்சாயத்துத் தீர்மானம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அது மனுவாக நிற்கிறது.

அடுத்த தடைக்காலத்தில் தாழங்குடாவுக்குப் போகிறோம். 2024 டிசம்பர் முதல் வாரம் தென்பெண்ணை பெருக்கெடுத்து வந்ததைக் கண்ட ஊர் அது. கடலோடு ஆற்றையும் சேர்த்து வரையவேண்டும் என்று பஞ்சாயத்தார் இப்போதே சொல்லிவிட்டதால், வழக்கத்தை விட அகலமான துணியாகத் தைக்கக் கொடுத்திருக்கிறோம். மஞ்சள் காவியை இரட்டிப்பாக வாங்கிவைக்கும்படி பெயின்டர் அண்ணனிடமும் சொல்லியாயிற்று.